மேடையில் நிற்கும் டீசல் இன்ஜினை ஊட்டிக்கு விருந்தாளியாக அனுப்ப முடியுமா?

கேள்வி கேட்டவர் இங்கிலாந்தில் மகள் வீட்டுக்குப் போனபோது ஒரு பாரம்பரிய ரயில் பாதையைப் பார்த்திருக்கிறார். வேறு ஊரிலிருந்து சில நாட்களுக்கு வந்திருந்த அறுபது வயது டீசல் இன்ஜின் ஒன்று அங்கே பெட்டிகளை இழுத்து ஓடியிருக்கிறது. அதைப் படம் எடுக்க வேலியோரம் கூட்டம் நின்றதாம். சென்னைக்குத் திரும்பியவர், ஒரு ஸ்டேஷன் வாசலில் மேடை கட்டிப் பெயிண்ட் அடித்து நிறுத்தியிருக்கும் பழைய டீசலைப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்: “நீராவி இன்ஜினையே இங்கே ஓட்டிக் காட்டுகிறார்கள். டீசல் அதைவிடச் சுலபம்தானே? இதைக் கிளப்பி ஊட்டி மலை ரயிலுக்கு ஒரு வாரம் அனுப்பக் கூடாதா?”

அனுப்புவதைப் பற்றிக் கேட்கிறார் என்றாலும், அவர் மனசில் இருப்பது வேறு என்று நினைக்கிறேன். மேடையில் நிற்கிற வண்டி தூங்குகிறதா, செத்துவிட்டதா? பதிலில் முக்கால்வாசி இதற்கே போகும். லாரியில் ஏற்றி அனுப்புவதெல்லாம் பணமும் கிரேனும் இருந்தால் நடக்கிற காரியம்.

என்னைப் பற்றி ஒரு வரி. ரயில் இன்ஜின்களைப் பராமரிக்கும் டீசல் ஷெட்டில் ஃபிட்டராகச் சேர்ந்து, சூப்பர்வைசராக ஓய்வு பெற்றவன். முப்பத்து நான்கு வருஷம் ஆல்கோ என்ற அமெரிக்கக் கம்பெனியின் டிசைன் இன்ஜினோடு குடித்தனம். அதனால் டீசலைப் பற்றிச் சொல்வதைக் கை வைத்துப் பார்த்தவன் பேச்சாக எடுத்துக்கொள்ளலாம். நீராவி எனக்கு மூத்தவர்கள் வாயால் கேட்ட விஷயம். இங்கிலாந்துப் பாதைகளில் நான் கால் வைத்ததில்லை, படித்ததும் அங்கே இருப்பவர்களிடம் கேட்டதும்தான். மூன்றையும் ஒரே எடையில் வைக்காதீர்கள்.

முதலில், டீசல் நீராவியைவிடச் சுலபமா? ஒரு நாள் ஓட்டுவதற்கு, ஆமாம், ரொம்பவே சுலபம். நீராவிக்கு விடிவதற்கு முன்பே நெருப்பு மூட்டி, பாய்லர் சூடேறக் காத்திருந்து, சாயங்காலம் சாம்பல் அள்ளி என்று ஒரு குடும்பமே வேலை செய்ய வேண்டும். டீசலில் தண்ணீர், எண்ணெய் அளவு பார்த்து, ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் கிளம்பிவிடும். ஆனால் முப்பது வருஷம் சும்மா கிடந்ததை எழுப்புவது என்று வந்தால் கதை தலைகீழ். நீராவி இன்ஜின் என்பது பெரும்பாலும் இரும்பும் தாமிரமும். எந்தப் பாகம் போனாலும் வரைபடத்தைப் பார்த்து வார்த்து, கடைந்து, ரிவிட் அடித்துப் புதிதாகச் செய்துவிடலாம். பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ் அதைத்தான் செய்தது. 1855-இல் இங்கிலாந்தில் செய்து, ஜமால்பூரிலும் ஹவுராவிலுமாக நூறு வருஷம் காட்சிப் பொருளாக நின்ற இ.ஐ.ஆர்-21 இன்ஜினை 2010-இல் ஓட வைத்தார்கள். எழும்பூரிலிருந்து கோடம்பாக்கம் வரை அது புகை விட்டுக்கொண்டு போனதைப் பார்த்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். பொன்மலை ஒர்க்ஸில் ஊட்டிப் பாதைக்கு நீராவி இன்ஜினையே புதிதாகக் கட்டினார்கள். டீசலை அந்த மாதிரி கொல்லன் பட்டறை முறையில் பிழைக்க வைக்க முடியாது. அதற்குள்ளே புகையின் வேகத்தில் சுற்றி இன்ஜினுக்குக் காற்றை அமுக்கித் தரும் டர்போ இருக்கிறது, வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் இருக்கிறது, ஒரு மயிரிழை இடைவெளியில் ஓடும் எரிபொருள் பம்ப் இருக்கிறது, கிலோமீட்டர் கணக்கில் கேபிள் இருக்கிறது, மோட்டார் சுருள்களைச் சுற்றி இன்சுலேஷன் இருக்கிறது. ரப்பரும் வார்னிஷும் வயசானால் போய்விடும், ஓடினாலும் சரி, நின்றாலும் சரி.

நம் ஊரில் மேடை ஏறிய பெரிய டீசல் என்றால் அநேகமாக ஆல்கோ குடும்பம்தான். அகலப் பாதையில் டபிள்யூ.டி.எம்-2. 1962-இல் அமெரிக்காவிலிருந்து வந்து, 1964 முதல் வாரணாசியில் கட்டப்பட்டு, இரண்டாயிரத்துக்கு மேல் ஓடிய வண்டி. பதினாறு சிலிண்டர், 2,600 குதிரைத்திறன், எடை நூற்றுப் பதின்மூன்று டன்னுக்குக் கிட்டே. மீட்டர் கேஜில் ஒய்.டி.எம்-4. அதே இன்ஜினின் ஆறு சிலிண்டர் தம்பி, எடை 72 டன். எழும்பூரிலிருந்து தெற்கே போன மீட்டர் கேஜ் வண்டிகளில் சன்னலோரம் உட்கார்ந்து சட்டையில் கரி வாங்கியவர்களுக்கு இந்தத் தம்பியை நன்றாகவே தெரியும். இன்ஜினைச் செய்த ஆல்கோ கம்பெனி 1969-லேயே லோகோ கட்டுவதை நிறுத்திவிட்டது. ஆனால் 251 என்ற அந்த இன்ஜின் டிசைன் இந்தியாவிலும் கனடாவிலும் அதற்கப்புறம் பல பத்தாண்டு வாழ்ந்தது. இது நமக்கு அதிர்ஷ்டம். பிஸ்டன், லைனர், வால்வு என்று பொதுப் பாகங்களுக்கு இன்னும் வழி இருக்கிறது. துறைமுகங்களிலும் உருக்காலைகளிலும் ஷண்டிங் செய்யும் டபிள்யூ.டி.எஸ்-6 வண்டியிலும் இதே ஆறு சிலிண்டர் குடும்பம்தான்.

சரி, நின்ற வண்டிக்கு உள்ளே என்ன நடக்கிறது? இதைச் சொல்ல எனக்கு ஒரு சம்பவம் உண்டு. நான் வேலை பார்த்த ஒரு ஷெட்டில் ஏதோ பாகம் வராததால் ஒரு வண்டி எட்டு மாதம் மூலையில் நின்றது. நடுவில் ஒரு வடகிழக்குப் பருவமழை. பாகம் வந்து சேர்ந்த அன்றே வண்டியைக் கொடு என்று மேலிருந்து அவசரம். பேட்டரி மாட்டியாயிற்று, ஒரு இளைஞர் ஸ்டார்ட் பட்டனை அழுத்தி கிராங்க் செய்யப் போய்விட்டார். எங்கள் சார்ஜ்மேன் ஓடி வந்து அவர் கையைத் தட்டிவிட்டு, “முதலில் பார் போட்டுத் திருப்புடா” என்றார். சிலிண்டர் ஹெட்டில் ஒரு சின்னக் காக் இருக்கும். எல்லாவற்றையும் திறந்து வைத்துவிட்டு, கிராங்க் ஷாஃப்டை இரும்புக் கம்பியால் கையாலேயே மெதுவாகத் திருப்பினோம். ஒன்று, இரண்டு, மூன்று சிலிண்டர் வரை வெறும் காற்று, ‘புஸ்’ என்று. அடுத்த ஒன்றிலிருந்து டீ டிகாஷன் நிறத்தில் தண்ணீர் பீய்ச்சி எதிரே நின்றவர் சட்டையை நனைத்தது. அரை டம்ளருக்கு மேல் இருக்கும். அவ்வளவுதான். ஆனால் தண்ணீர் அமுங்காது. பட்டனை அழுத்தியிருந்தால் பிஸ்டன் அந்தத் தண்ணீரில் முட்டி, கனெக்டிங் ராடு வளைந்திருக்கும். ஒரு அரை டம்ளர் தண்ணீருக்கு இன்ஜினையே இறக்கியிருப்போம்.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? மேலே கூரையில் புகைபோக்கி வாய் திறந்திருக்கிறது. மழை அதன் வழியாக டர்போவுக்குள் இறங்கும், அங்கிருந்து எக்ஸாஸ்ட் குழாய்க்குப் போகும். இன்ஜின் எந்த நிலையில் நின்றாலும் ஏதாவது சில சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு திறந்துதான் இருக்கும். தண்ணீருக்கு வழி சொல்லித்தர வேண்டியதில்லை. எட்டு மாதத்துக்கே இப்படி என்றால், இருபது மழைக்காலம் வெட்டவெளியில் நின்ற வண்டியை யோசித்துப் பாருங்கள். சிலிண்டரின் உள்சுவரான லைனருக்குள் பிஸ்டன் ரிங் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கும். பார் போட்டால் அசையவே அசையாது.

இதோடு சென்னையின் காற்று வேறு. உப்பும் ஈரமும் கலந்த இந்தக் காற்று மின்சார மோட்டாருக்கு விஷம். பெயர் டீசல் இன்ஜின் என்றாலும் சக்கரத்தைச் சுற்றுவது மின்சாரம்தான். டீசல் ஒரு ஜெனரேட்டரைச் சுற்றுகிறது, அந்த மின்சாரம் ஆறு அச்சிலும் தொங்கும் ஆறு டிராக்‌ஷன் மோட்டாருக்குப் போகிறது. இந்தச் சுருள்கள் எப்படி இருக்கின்றன என்று, இன்சுலேஷனைச் சோதிக்கும் மெகர் என்ற மீட்டரை வைத்துப் பார்ப்போம். மழைக்காலத்தில் ஒரு மாதம் நின்ற வண்டியே மெகரில் முள்ளைக் கீழே சாய்க்கும். அப்போது பெரிய குண்டு பல்பை மோட்டாருக்குள் தொங்கவிட்டு, தார்ப்பாயால் மூடி, ஒரு ராத்திரி முழுக்கக் காயவைப்போம். ஈரம் மட்டும்தான் பிரச்சினை என்றால் காலையில் முள் ஏறியிருக்கும். இன்சுலேஷனே வெடித்துப் போயிருந்தால் ஏறாது. மோட்டாரைக் கழற்றி மறுபடி சுற்ற வேண்டும், ஆறு மோட்டாருக்கும் சேர்த்து. இந்த ஒரு இடத்தில்தான் பாதிப் பேரின் கனவு கலைகிறது.

அப்புறம் மனுஷன் செய்யும் சேதம். மேடை ஏற்றும்போது பேட்டரியை எடுத்துவிடுவார்கள், அது நியாயம். ஆனால் காவல் இல்லாத இடத்தில் தாமிரக் கேபிளும் வெண்கல பேரிங்கும் காணாமல் போகும். மீதியை எலி பார்த்துக்கொள்ளும். பெயிண்டர்களைச் சொல்லாமல் விடக்கூடாது. ஒரு வண்டியில் ஏறிப் பார்த்தேன். பிரேக் கேஜ் கண்ணாடி, எண்ணெய் அளவு பார்க்கும் குச்சி, கம்ப்ரஸர் வடிகட்டி, எல்லாவற்றுக்கும் ஒரே பளபளப்பான பச்சை. தூரத்திலிருந்து மாப்பிள்ளை மாதிரி இருந்தது. குச்சியை உருவப் போனால் பெயிண்ட்டோடு ஒட்டிக்கொண்டு வரவில்லை.

இப்போது எழுப்பும் வேலை. என்ன வரிசையில் போவேன் என்று சொல்கிறேன். முதலில் கிராங்க் கேஸ் கதவுகளைத் திறந்து டார்ச் அடித்துப் பார்ப்பேன். உள்ளே பழைய எண்ணெய் ஒரு படலமாகப் பளபளத்தால் மனசுக்கு ஒரு தெம்பு. காவி நிறமாக இருந்தால் வேலை பெரிது. சிலிண்டருக்குள் மெல்லிய எண்ணெய் விட்டு, நாள் கணக்கில் ஊறவைத்து, அப்புறம்தான் பார் போடுவது. திரும்பினால், அடுத்து தண்ணீர் சோதனை. டபிள்யூ.டி.எம்-2-வில் ஆயிரம் லிட்டருக்கு மேல் குளிர்விக்கும் தண்ணீர் ஓடும். அந்தத் தண்ணீரை லைனருக்கு வெளியே நிறுத்தி வைப்பது ரப்பர் வளையங்கள். அவை கல்லாகிப் போயிருக்கும். தண்ணீரை நிரப்பிவிட்டு ஒரு ராத்திரி விட்டால், காலையில் கீழே எண்ணெய்த் தொட்டியில் சொட்டு விழும் சத்தம் கேட்கும். எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க லேப் வரை போக வேண்டியதில்லை. சூடான தகட்டில் ஒரு சொட்டு விட்டால் கடுகு தாளித்த மாதிரி படபடவென்று வெடிக்கும். சுத்தமான எண்ணெய் சத்தம் போடாமல் புகையும்.

எரிபொருள் பம்ப் ரேக்கைச் சும்மா விட்டுவிடுகிறவர்கள் உண்டு, அது உயிரோடு விளையாடுவது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் எவ்வளவு டீசல் போக வேண்டும் என்று தீர்மானிப்பது அந்த ரேக். பழைய டீசல் பிசினாகி, ரேக் திறந்த நிலையில் சிக்கியிருந்தால், ஸ்டார்ட் ஆன வண்டி நிற்காது, வேகம் ஏறிக்கொண்டே போகும். நிமிஷத்துக்கு ஆயிரம் சுற்றுக்காகக் கட்டிய இன்ஜின் அதற்கு மேல் போனால் என்ன ஆகும் என்று பக்கத்தில் நின்று பார்க்க யாருக்கும் ஆசை வராது. தற்காப்புக்கு, வேகம் மீறினால் தானே இன்ஜினை நிறுத்தும் ஓவர்ஸ்பீடு டிரிப் இருக்கிறது. ஆனால் அதுவும் அதே இருபது வருஷம் நின்றதுதானே? ஆகையால் ஒவ்வொரு ரேக்கும் விரலால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும், இல்லையென்றால் பம்பைக் கழற்று. இதில் சமரசம் கிடையாது.

இவ்வளவும் தாண்டி வண்டி முதல் தடவை பிடித்து, 400 சுற்றில் ‘தக் தக்’ என்று நிதானத்துக்கு வரும்போது ஷெட்டில் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பார்கள். சில நிமிஷம் ஓடவிட்டு நிறுத்துவோம். நிறுத்திய பிறகு யாரும் பேசக்கூடாது. இன்ஜின் நின்றாலும் டர்போ தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும், விசில் மாதிரி ஒரு சத்தம், மெல்ல மெல்லக் கீழே இறங்கும். கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு கேட்போம். ஒன்றரை நிமிஷத்துக்குக் குறையாமல், மூன்று நிமிஷம் வரை ஓடி நின்றால் பேரிங் ஆரோக்கியம். அதற்கு முன்பே டக்கென்று நின்றால் உள்ளே ஏதோ உரசுகிறது. எந்த மீட்டரும் வேண்டாம், காது போதும். இந்தக் காது உள்ளவர்கள் இன்று எத்தனை பேர் என்பதுதான் கேள்வி. பாதைகளெல்லாம் மின்மயமாகி, டீசல் ஷெட்கள் பலவற்றில் மின்சார இன்ஜின்கள் குடியேறிவிட்டன. என்னோடு வேலை பார்த்தவர்கள் பேரனைப் பள்ளிக்கூடத்தில் விடப் போய்க்கொண்டிருக்கிறார்கள். பாகம் கிடைப்பதைவிட இதுதான் எனக்குப் பெரிய கவலை.

இங்கிலாந்தில் இது எப்படி நடக்கிறது? அங்கே பழைய டீசல்களில் பலவற்றுக்கு உரிமையாளர் ஒரு ரசிகர் சங்கம். உதாரணமாக டெல்டிக் என்ற இன்ஜின். 1961-62-இல் 22 கட்டினார்கள், ஒவ்வொன்றிலும் பதினெட்டு சிலிண்டர் இன்ஜின் இரண்டு, மொத்தம் 3,300 குதிரைத்திறன். லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஓடியது. 1982 பிறந்ததும் ஓய்வு. ஆறு வண்டி இன்று பிழைத்திருக்கிறது. சிக்கலான இன்ஜின்தான், ஆனாலும் அதற்கென்றே ஒரு கூட்டம் சந்தா கட்டி, உபரி பாகங்களைச் சேர்த்து, சனி ஞாயிறில் கையை அழுக்காக்கிக்கொண்டு பார்த்துக்கொள்கிறது. ஒரு பாரம்பரிய பாதை டீசல் திருவிழா வைத்தால் அந்தச் சங்கத்தோடு பேசி வண்டியை வரவழைக்கிறது. நூறு டன் வண்டி பல அச்சு டிரெய்லரில் நெடுஞ்சாலையில் வரும். தண்டவாளமே ஊர் முழுக்க இருக்கும்போது ஏன் லாரி என்று நம் கேள்விக்காரர் ஆச்சரியப்பட்டிருக்கிறார். மெயின் லைனில் தன் காலால் ஓட வேண்டுமானால் இன்றைய பாதுகாப்புக் கருவிகள், ரேடியோ, பதிவுக் கருவி எல்லாம் அந்தக் கிழ வண்டியில் பொருத்தி அனுமதி வாங்க வேண்டும். சில சங்கங்கள் அதையும் செய்திருக்கின்றன. மற்றவர்களுக்கு லாரி மலிவு. பாரம்பரிய பாதையில் பொதுவாக மணிக்கு 25 மைல்தான் உச்சவேகம், அதாவது 40 கிலோமீட்டர். அந்த வேகத்துக்குக் கேட்கப்படும் நிபந்தனைகளும் அதற்கேற்ற மாதிரிதான்.

வந்து இறங்கியதும் உடனே ஓடிவிடாது. விருந்தாளி வண்டியின் அச்சுப் பாரத்தை அந்தப் பாதையின் பாலங்கள் தாங்குமா, வளைவில் உரசாமல் போகுமா, பிளாட்பார்மில் இடிக்காதா என்பதெல்லாம் முன்பே காகிதத்தில் பார்த்திருப்பார்கள். பிரேக் பொருந்த வேண்டும் என்பதுதான் வெளியாட்களுக்குத் தோன்றாத விஷயம். பழைய பெட்டிகளில் பல, காற்றை உறிஞ்சி வெற்றிடத்தால் வேலை செய்யும் வாக்குவம் பிரேக். இன்ஜினில் காற்று பிரேக் மட்டும் இருந்தால் எத்தனை குதிரைத்திறன் இருந்தும் அந்தப் பெட்டிகளைப் பயணிகளோடு இழுக்க முடியாது. இங்கேயும் ஒரு காலத்தில் இதே அவஸ்தைதான். வாக்குவம் வண்டி, காற்று வண்டி இரண்டும் கலந்து ஓடிய வருஷங்களில், எந்தப் பெட்டித் தொடருக்கு எந்த லோகோ என்று பார்த்துக் கொடுப்பதே ஷெட்டில் ஒரு தனி வேலை.

இப்போது ஊட்டிக்கு வருவோம். உங்கள் ஸ்டேஷன் வாசல் வண்டி டபிள்யூ.டி.எம்-2 என்றால் பேச்சே இல்லை. அது 1,676 மில்லிமீட்டர் அகலப் பாதை வண்டி, நீலகிரிப் பாதை 1,000 மில்லிமீட்டர் மீட்டர் கேஜ். சக்கரமே உட்காராது. இங்கிலாந்தில் விருந்தாளி முறை செழித்ததற்கு இதுவும் ஒரு காரணம். அங்கே பாரம்பரிய பாதைகளில் பெரும்பாலானவை மெயின் லைனின் அதே கேஜ், மூடப்பட்ட கிளைப் பாதைகளைத்தான் எடுத்து ஓட்டுகிறார்கள். நம்முடைய பெயர்பெற்ற பாரம்பரிய பாதைகள் மலை ஏறுகிறவை. டார்ஜிலிங்குக்கு ஒரு கேஜ், சிம்லாவுக்கு ஒரு கேஜ், ஊட்டிக்கு ஒரு கேஜ். ஒன்றின் வண்டி இன்னொன்றுக்கு விருந்து போக வழியில்லை.

உங்களுடையது ஒய்.டி.எம்-4 என்றால் கொஞ்சம் உட்கார்ந்து பேசலாம். குன்னூரிலிருந்து ஊட்டி வரை இந்த வகை டீசல்தான் வண்டியை இழுக்கிறது, நீங்களே அதில் போயிருப்பீர்கள். ஆகவே வகை புதிதில்லை, பாலமும் வளைவும் அதற்குப் பழக்கம். ஆனால் கீழே கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவே பல் சட்டம் போட்ட பாதை, பன்னிரண்டு அடிக்கு ஒரு அடி ஏற்றம். அங்கே பல் சக்கரம் உள்ள நீராவி இன்ஜின் பின்னாலிருந்து தள்ளுகிறது. ஒய்.டி.எம்-4-க்குப் பல் கிடையாது, அந்த ஏற்றத்தில் அது வேலை செய்ய முடியாது. மேட்டுப்பாளையம் வரை வருவது அகலப் பாதை. அப்படியானால் விருந்தாளி எப்படியாவது சுமையாகத்தான் போய்ச் சேர வேண்டும். சக்கரங்கள் உள்ள போகியைத் தனியே, உடம்பைத் தனியே பிரித்து டிரெய்லரில் ஏற்றி, அந்த மலைச்சாலையின் கொண்டை ஊசி வளைவுகளில்... முடியாது என்று சொல்ல மாட்டேன், இதைவிடப் பெரிய மின்மாற்றிகள் மலை ஏறியிருக்கின்றன. ஆனால் போய்ச் சேர்ந்து என்ன செய்யும்? அங்கே ஏற்கெனவே தினமும் ஓடுகிற அதே வண்டியின் அக்கா தங்கை மாதிரி ஒன்று போய் நிற்கும். இங்கிலாந்தில் கூட்டம் கூடுவது தங்கள் பாதையில் இல்லாத ஒன்று வருகிறது என்பதால். ஊட்டிக்கு ஒய்.டி.எம்-4 அனுப்புவது திருநெல்வேலிக்கு அல்வா அனுப்புவது மாதிரி.

அனுமதி விஷயம் என் கை வேலை இல்லை, பொதுவாகத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். பயணிகள் ஏறும் பாதையில் எந்த வண்டியை ஓட்டவும் லக்னோவில் இருக்கும் ரயில்வேயின் ஆராய்ச்சி நிறுவனமான ஆர்.டி.எஸ்.ஓ-வின் வேகச் சான்று, ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் ஒப்புதல் என்று ஒரு பாதை உண்டு. அந்த ஆணையர் ரயில்வே அமைச்சகத்துக்குக் கீழே இல்லை, விமானப் போக்குவரத்து அமைச்சகத்துக்குக் கீழே வருகிறார். ரயிலை ரயில்காரர்களே சோதித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக அப்படி. அவர்களிடம் போகும்போது சக்கரத்தின் விளிம்பு அளவு, அச்சுகளின் அல்ட்ராசானிக் சோதனை எல்லாம் கையில் இருக்க வேண்டும். அச்சுக்குள் ஒரு மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தெரியாது, பெயிண்ட் எவ்வளவு பளபளத்தாலும்.

அப்படியென்றால் ஒன்றுமே செய்ய முடியாதா என்றால், இதுவரை சொன்னது உறுதியானது, இனி சொல்வது என் அபிப்பிராயம். மேடையிலிருந்து ஒன்றை இறக்கி எழுப்புவதைவிட, ஷெட்டிலிருந்து ஓய்வு பெறப் போகும் வண்டியைச் சாகாமல் பார்த்துக்கொள்வது பத்தில் ஒரு பங்கு வேலை. பதினைந்து நாளுக்கு ஒரு தடவை ஸ்டார்ட் செய்து, தண்ணீர் எண்பது டிகிரி ஏறும் வரை ஓட்டி, ஷெட்டுக்குள்ளேயே முன்னும் பின்னும் நகர்த்தினால் போதும். சுருள் காய்ந்திருக்கும், ரிங் ஒட்டாது, பேரிங்கில் எண்ணெய் இருக்கும். அப்படி உயிரோடு இருக்கும் அகலப் பாதை டீசல் ஒன்று, ஹரியானாவின் ரேவாரியில் நீராவி இன்ஜின்களுக்கென்றே வைத்திருக்கும் ஷெட்டுக்கோ, வேறு ஊர் விழாவுக்கோ, ஒரு ரயிலின் பின்னால் கோத்துக்கொண்டு விருந்து போக முடியும். அப்போதும் ஒரு எச்சரிக்கை. அணைந்த வண்டியை இழுத்துப் போகும்போது டிராக்‌ஷன் மோட்டார்கள் அச்சோடு சேர்ந்து சுற்றும். பழைய வகையில் அவற்றின் பேரிங்கை எண்ணெயால் நனைப்பது ஒரு கம்பளித் திரி. திரி காய்ந்திருந்தால் ஐம்பது கிலோமீட்டருக்குள் அச்சு தொட முடியாத சூடு. ஒவ்வொரு நிறுத்தத்திலும் கூடப் போகும் ஃபிட்டர் இறங்கிப் புறங்கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். உள்ளங்கையை வைக்காதீர்கள், ஒட்டிக்கொண்டால் இழுக்க முடியாது.

உங்கள் ஸ்டேஷன் வாசல் வண்டி எந்த நிலையில் இருக்கிறது என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, நேரில் திறக்காமல் யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஆனால் அடுத்த தடவை போகும்போது ஒன்று செய்யுங்கள். பக்கத்தில் நடை மேம்பாலம் இருக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். அதன் மேல் ஏறி வண்டியின் கூரையைப் பாருங்கள். நடுவாக்கில் ஒரு செவ்வக வாய் தெரியும், அதுதான் புகைபோக்கி. அதன் மேல் ஒரு தகரமாவது மூடி வெல்டு வைத்திருக்கிறார்களா, இல்லை வானத்தைப் பார்த்துத் திறந்து கிடக்கிறதா? மூடியிருந்தால், மேடை ஏற்றிய அன்று அங்கே ஒரு ஷெட் ஆள் இருந்திருக்கிறார். எப்போது ஏற்றினார்கள் என்று விசாரித்து எழுதுங்கள், மேற்கொண்டு பேசலாம். திறந்திருந்தால், பேத்தியை முன்னால் நிற்க வைத்து நல்ல வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.